தூங்கும் கண்ணின் அழுத்தம்

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். கதவு பாதி திறந்திருந்தது. வெயிலிலிருந்து வந்ததால் முதலில் எதுவும் தெரியவில்லை. மீன் பொரித்த வாசனையும் மின்விசிறி சுற்றும் சத்தமும்தான் முதலில் வந்தன. பிறகு அறை கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கியது. தரையில் பாய். பாயில் ஒரு மனிதர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சின் மேல் கன்னத்தைப் பதித்து, வாய் லேசாகத் திறந்தபடி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தூங்கியது.

அவரை எழுப்பலாமா என்று கையால் கேட்டேன்.

குழந்தையின் அம்மா கஸ்தூரி என் காதருகே வந்தாள். "வாணாங்க்கா. அவரு எழுந்தா பாப்பாவும் எழுந்துக்கும். அப்டியே வைங்க."

பையிலிருந்து கருவியை எடுத்தேன். கைக்கு அடக்கமானது. முன்னால் ஊசி போல ஒரு மெல்லிய கம்பி, அதன் நுனியில் கடுகளவு பிளாஸ்டிக் உருண்டை. பொத்தானை அழுத்தினால் அந்த உருண்டை கருவிழியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். தொட்டது தெரியாது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஆறு முறை தொட்டதும் கண்ணின் அழுத்தம் எண்ணாகத் திரையில் வரும்.

பாயின் ஓரத்தில் மண்டியிட்டேன். ஓர் ஆண் தூங்குவதை நான் அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அப்பா தூங்கிப் பார்த்திருக்கிறேன்; அது வேறு. அவர் மூச்சு ஏறி இறங்க, குழந்தையின் தலையும் ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தோடு என் கையும் போக வேண்டியிருந்தது.

குழந்தையின் வலது இமையை விரலால் மெல்லத் தூக்கினேன். வெள்ளைதான் தெரிந்தது. தூக்கத்தில் கருவிழி மேலே ஏறி ஒளிந்துகொள்ளும். அவசரப்படக் கூடாது. இமையைப் பிடித்தபடியே காத்திருந்தால், தூக்கம் கொஞ்சம் இளகும்போது, கருவிழி தானாக நடுவுக்கு இறங்கி வரும்.

வந்தது. பொத்தானை அழுத்தினேன்.

பதினேழு.

அழுகிற கண்

போன வாரம் மயிலாப்பூர் குளத்தருகே காய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "பத்திரிகையில கண்ணைப் பத்தித் தொடர் எழுதுறது நீங்கதானே? குழந்தைக்குக்கூட கண்ணுல பிரஷர் வருமா? உப்பைக் குறைக்கணுமா?" என்று கேட்டார்.

கண் மருத்துவமனையில் பரிசோதகராக நான் வேலை பார்க்கும் இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. ரத்த அழுத்தம் வேறு, இது வேறு. கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது வடிந்துபோக ஓரத்தில் ஒரு வழி உண்டு. வழி சரியாக இல்லாமல் சில குழந்தைகள் பிறக்கிறார்கள். நீர் தேங்கும், அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு நசுங்கும். நசுங்கிய நரம்பை யாராலும் மீட்க முடியாது. அதனால்தான் அளந்துகொண்டே இருக்கிறோம்.

பெரியவர்களை அளப்பது சுலபம். தாடையை வை என்றால் வைப்பார்கள். குழந்தைக்கு என்ன சொல்வது? வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அழும். அழுதால் இமையை இறுக்கும். இறுக்கினால் எண் இரண்டு மடங்கு ஏறிவிடும். அந்த எண்ணை நம்பி யாரும் கத்தியை எடுக்க முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் கைக்குழந்தைகளை மயக்கம் கொடுத்துத்தான் அளப்பார்கள். ஆபரேஷன் அறையின் கதவு வரைக்கும்தான் அம்மாக்கள் வரலாம். அங்கிருந்து பிள்ளையை வாங்கி உள்ளே எடுத்துப் போவது என் வேலை. அது என் தோளைக் கடித்துக்கொண்டு அழும். முகமூடி வைத்ததும் பிடி தளரும். எத்தனையோ பிள்ளைகள் என் சட்டையைப் பிடித்தபடியே மயங்கியிருக்கிறார்கள். விழிக்கும்போது அம்மா அருகில் இருப்பாள். அதற்குள் நான் அடுத்த பிள்ளையை வாங்கக் கதவருகே போயிருப்பேன்.

பெரிய கண்ணழகி

கஸ்தூரியின் அந்தக் குழந்தை ரித்திகா பிறந்தபோது, பட்டினப்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த கட்டடமே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். அவ்வளவு பெரிய கண்கள்.

"பொம்ம மாரி கீதுன்னு சொல்லுவாங்கக்கா. தி.நகர்ல ஸ்டுடியோவுக்கு இட்டுனு போய் போட்டோ எடுத்தோம். போட்டோக்காரரே, இப்டி ஒரு கண்ண நான் பாத்ததில்லன்னாரு. வூட்டுக்கு வந்து திருஷ்டி சுத்திப் போட்டேன்," என்றாள் கஸ்தூரி.

அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியாது. அழுத்தம் தாங்காமல் கண் பருத்து வந்த அழகு அது. பிஞ்சுக் கண்ணின் சுவர் இளசு. உள்ளே நீர் தேங்கத் தேங்கக் கண்ணே பெரிதாகும்.

பிறகு அந்தக் கண்களில் ஓயாமல் நீர் வழிந்தது. வெளிச்சம் பட்டால் குழந்தை அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. கருவிழியில் பால் கலந்தாற்போல் ஒரு மூட்டம். எங்களிடம் வந்தபோது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. இரண்டு கண்ணிலும் அறுவை செய்தார்கள். இடது கண் பிழைத்துக்கொண்டது. வலது கண்தான் சந்தேகம்.

அந்த மயக்கத்தின்போது ரித்திகாவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. நுரையீரல் கொஞ்சம் பலமாகட்டும், தேவையில்லாமல் மறுபடி மயக்கம் வேண்டாம் என்று முடிவானது. ஆனால் விழித்திருக்கும்போது அளந்தால் முப்பத்துநான்கு, முப்பத்தாறு என்று வரும். அழுகையில் வந்த எண்ணா, நோயில் வந்த எண்ணா? தெரியாது.

"மதியம் எங்க தூங்குது?" என்று டாக்டரம்மா கஸ்தூரியிடம் கேட்டார்.

"வூட்லதான் மேடம். அவங்க அப்பா கடல்லேந்து வந்து சாப்ட்டுப் படுப்பாரு. அவரு மேலயே படுத்துக்கும். இங்க எங்கியும் தூங்காது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க மந்தைவெளிதானே? லஞ்ச் டைம்ல ஒரு நடை போய்ட்டு வர முடியுமா? மெஷினை எடுத்துட்டுப் போங்க."

முடியும் என்றேன். சாப்பாட்டு வேளையில் எனக்கு வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

மதிய வேளைகள்

வாரத்தில் இரண்டு மதியம் போனேன். ஷேர் ஆட்டோவில் இறங்கி, மீன் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் தெருவைக் கடந்து, மூன்று மாடி ஏற வேண்டும். கைப்பிடிச் சுவரெல்லாம் உப்புக் காற்றில் பொரிந்து கம்பி தெரியும். ஒவ்வொரு மாடியிலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். விடியுமுன் எழுந்த ஊர், மதியத்தில் ஓய்ந்துவிடும். விழித்திருப்பது கஸ்தூரியும் நானும்தான்.

அளந்து முடித்ததும் உடனே கிளம்ப விடமாட்டாள். ஒரு தட்டில் சோறும் குழம்பும் வைப்பாள். காலையில் கூடையில் விற்காமல் மிஞ்சியதில் ஒன்று எனக்காகப் பொரிந்திருக்கும்.

நாங்கள் சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த குடும்பம். அப்பா, அம்மா, சித்தி எல்லோருமே பள்ளிக்கூட வாத்தியார்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் இல்லாமல் இருந்ததில்லை. அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போனபிறகு நான் மீன் வாங்குவதை விட்டுவிட்டேன். ஒருத்திக்கு மீன் வாங்கிப் பாருங்கள், தெரியும். இரண்டு துண்டு போதும் என்றால் கடைக்காரி நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்வதைவிட முட்டை வாங்குவது எளிது.

"வூட்ல யார்க்கா கீறாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள் கஸ்தூரி. தூங்குகிறவர்களுக்காகக் குரலைத் தாழ்த்தித்தான் எப்போதும் பேசுவோம்.

"நான்தான். தம்பி வெளிநாட்டுல இருக்கான்."

"ஒண்டியாவா கீறீங்க?"

"ஆமா."

"பயமா இல்லியா?"

"பயம் எல்லாம் இல்ல. பழகிடுச்சு."

அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அந்தக் குழந்தையின் தூங்கும் முகம் எனக்கு மனப்பாடம். இடது புருவத்தில் ஒரு சின்ன சுழி. கனவில் பால் குடிப்பதுபோல் உதட்டைச் சப்பும். இமையைத் தூக்கும்போது சில நாள் என் விரலைப் பிடித்துக்கொள்ளும். அப்பாவின் விரல் என்று நினைத்திருக்கும். விழித்திருக்கும்போது அவள் என்னைப் பார்த்ததெல்லாம் மருத்துவமனையில், அலறலுக்கு நடுவில்தான்.

எண்கள் நன்றாகவே வந்தன. பதினேழு, பதினெட்டு, பதினாறு. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது, தாண்டவில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் "குட்" என்பார். நான் அந்த வார்த்தையை மறுபடி மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய்க் கஸ்தூரியிடம் சேர்ப்பேன்.

ஒரு புதன்கிழமை

அன்று தண்ணீர் லாரி வந்திருந்தது. கஸ்தூரி குடங்களோடு கீழே ஓடினாள். "நீங்க பாத்துனு இருங்கக்கா, தோ வந்துடறேன்."

மண்டியிட்டேன். இமையைத் தூக்கினேன். கருவிழி இறங்கி வரக் காத்திருந்தேன். வந்தது.

முப்பது.

குழந்தை அசையவில்லை. அழவில்லை. இமையை இறுக்கவில்லை. என் விரல் அழுத்திவிட்டதோ என்று கையை எடுத்து, உதறி, மறுபடி வைத்தேன். முப்பத்தொன்று. கம்பியை மாற்றிப் பார்த்தேன். இருபத்தொன்பது. இடது கண்ணை அளந்தேன், பதினாறு. கருவியில் தப்பில்லை.

எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழே குடங்கள் இடிபடும் சத்தமும் பெண்கள் சண்டை போடும் சத்தமும் கேட்டன. என் முன்னால் அப்பாவும் மகளும் ஒரே மூச்சாகத் தூங்கினார்கள். அந்தக் கண்ணில் என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுப்பிச் சொல்லலாம். எழுப்பாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் அவர்களுக்கு அது நடக்கவில்லை. என் வேலையில் எத்தனையோ கெட்ட எண்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றையெல்லாம் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் பார்த்தேன். அங்கே அடுத்த அறையில் டாக்டர் இருப்பார். எண்ணை அவரிடம் கொடுத்துவிட்டால் என் கையை விட்டுப் போய்விடும். இங்கே கொடுக்க ஆளில்லை.

கஸ்தூரி இடுப்பில் குடத்தோடு வந்தாள். புடவை நனைந்திருந்தது. குடத்தை இறக்கக்கூட இல்லை.

"எவ்ளோக்கா?"

"கொஞ்சம் ஏறியிருக்கு."

"எவ்ளோ?"

நோயைப் பற்றி டாக்டர்தான் பேச வேண்டும், நாங்கள் பேசக் கூடாது. ஆனால் அவள் என்னிடம் எண்ணைத்தான் கேட்டாள்.

"முப்பது."

அவளுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். குடத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள். சிந்திய தண்ணீரைக் காலால் துடைத்தாள். பிறகு பாய்ப் பக்கம் போய், கணவரின் தோளைத் தொட்டாள். அத்தனை நாளில் அவள் அவரை எழுப்பியது அன்றைக்குத்தான்.

முகத்துவாரம்

அவர் பெயர் வேலு. எழுந்து உட்கார்ந்தும் குழந்தையைக் கீழே விடவில்லை. அது அவர் மடியில் தூக்கத்தைத் தொடர்ந்தது. எத்தனையோ மதியம் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மொதல்ல பண்ணாங்களே ஆபரேசன், அது வேஸ்ட்டாக்கா?" என்றார்.

"வேஸ்ட் இல்ல. இடது கண்ணுக்கு நல்லா வேலை செய்யுது. வலது கண்ணுல தண்ணி போறதுக்கு வெட்டின வழி திரும்ப மூடிக்கிச்சோ என்னவோ. டாக்டர் பாத்துதான் சொல்லணும்."

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அடையாத்து மொகத்துவாரம் கீதுல்ல. வெயில் காலத்துல மண்ணு வந்து மூடிக்கும். தண்ணி வெளிய போவாம உள்ளயே நிக்கும். மிஷின் வச்சி மண்ண வெட்டி வுடுவாங்க. அலை திரும்ப மூடும். திரும்ப வெட்டுவாங்க."

"அதேதான்," என்றேன்.

"அப்ப திரும்ப வெட்டச் சொல்லுங்க."

கஸ்தூரி அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அவர்கள் இருவரும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் என் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. மாடிப்படி இறங்கும்போது என் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி அடுப்பங்கரையில் இருந்தது நினைவுக்கு வந்தது. அன்று யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாளே டாக்டரம்மா பார்த்தார். அந்த வாரத்திலேயே அறுவை. மயக்க மருந்து கொடுப்பவர் இந்த முறை எல்லா முன்னேற்பாடும் செய்திருந்தார், மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவருகே கஸ்தூரியின் கையிலிருந்து நான்தான் வாங்கிப் போனேன். குழந்தை என் முகத்தைப் பார்த்து வீறிட்டது. "அக்காதான் பாப்பா, நம்ம அக்கா," என்றாள் கஸ்தூரி. குழந்தைக்கு அந்த அக்காவைத் தெரியாது.

நல்ல எண்

அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் அந்த மாடிக்குப் போனேன். பதினான்கு. பதின்மூன்று. பதினான்கு. கருவிழியின் மூட்டம் கலைந்துகொண்டே வந்தது. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கிறாள் என்றாள் கஸ்தூரி. ஜன்னலருகே நின்று காக்காயைக் கூப்பிடுகிறாளாம்.

"இனி வீட்டுக்குப் போக வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு முறை இங்கேயே பாத்துக்கலாம்," என்றார் டாக்டரம்மா. சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்த மதியம் கேன்டீனில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம். எதிர் மேஜையில் யாரோ போனில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவும்போதுதான் புரிந்தது, அந்தக் குழந்தைக்கு நல்லது நடந்துவிட்டதால் எனக்கு அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. சும்மா போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கருவி இல்லாமல் அந்த மூன்று மாடியை ஏறிப் போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு வேளச்சேரியில் எங்கள் மருத்துவமனை ஒரு கிளை திறந்தது. என்னை அங்கே அனுப்பினார்கள். காலையில் மந்தைவெளியில், தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலில் ஏறுவேன். அந்த ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றும் பெரிய மாளிகை மாதிரி. உள்ளே ஆளே இருக்காது. நடந்தால் என் செருப்புச் சத்தமே திரும்பி வரும். மடிக்கணினிப் பை மாட்டிய பிள்ளைகள் காதை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ரயில் அடையாற்றைக் கடக்கும்போது மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்ப்பேன்.

ஆண்டுகள் போயின. போன வருடம்தான் பழைய மயிலாப்பூர் மருத்துவமனைக்கே திரும்பி வந்தேன்.

முதல் வகுப்பு

திரும்பி வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை. அட்டையில் பெயரைப் பார்க்காமலே அடுத்த ஆளை வரச் சொன்னேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு சிறுமி தனியாக வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நாற்காலியில் தானே ஏறி, குட்டைப் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மெஷின் வெப்பீங்களா, சொட்டு மருந்து போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"மெஷின் மட்டும்தான்."

"அது வலிக்காது. எனக்குத் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். அப்போதுதான் இடது புருவத்துச் சுழியைப் பார்த்தேன்.

பின்னாலேயே கஸ்தூரி உள்ளே வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா. நீங்களா. எங்கக்கா போய்ட்டீங்க, இத்தினி வர்சமா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். குடம் தூக்கி வந்த அன்றைய ஈரம் இன்னும் அவள் கையில் இருப்பதுபோல் இருந்தது.

அளக்க வேண்டும் என்று சொல்லி மெல்ல விடுவித்துக்கொண்டேன். என் விரல் அந்த இமையைத் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவளே அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். பெரிய கண்கள்தான், இப்போதும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையோ முறை அந்தக் கருவிழி இறங்கி வரட்டும் என்று காத்திருந்தவள் நான். அது நேராக என்னைப் பார்க்கும்போதே பொத்தானை அழுத்தினேன்.

வலது பதினைந்து. இடது பதினான்கு.

"நல்லா இருக்கு," என்றேன். கஸ்தூரி மூச்சு விட்டாள்.

"பாப்பா, இந்த ஆன்ட்டி இன்னா பண்ணாங்க தெரியுமா? நீ குட்டியா கீறசொல்ல நம்ம வூட்டுக்கு வருவாங்க. நீ அப்பா மேல தூங்கினு இருப்பே. அப்டியே கண்ணத் தொறந்து பாத்துட்டுப் போவாங்க."

ரித்திகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பவும் பார்த்தாள்.

"என்னை ஏன் எழுப்பல?"

"எழுப்பினா நீ அழுவே."

"நான் அழ மாட்டேன்."

"இப்போ அழமாட்டே. அப்போ ரொம்ப அழுவே."

அவள் அதை யோசித்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி நேராக நின்றாள்.

"என் பேரு வே. ரித்திகா. ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டு, பி செக்‌ஷன். உங்க பேரு?"

வேலையில் நான் மேடம். தம்பிக்கு அக்கா. பூசைக்குப் போனால் டீச்சர் மகள். கஸ்தூரி என் கையால் எத்தனையோ எண்களை வாங்கிக்கொண்டவள், அவளும் என் பெயரைக் கேட்டதில்லை. அம்மா இறந்தபிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இருக்கவில்லை என்பது எனக்கே அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

"ரெஜினா," என்றேன்.

"ரெஜினா," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போனாள். அங்கே திரும்பி நின்றாள்.

"ரெஜினா ஆன்ட்டி, போய்ட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே அடுத்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. இருட்டறையில் நாற்காலியைச் சரியாகப் போட்டுவிட்டு, அந்தக் குழந்தையை உள்ளே கூப்பிட நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.